விரல் நுனிக்கு வராத இரத்தம்

மீனை அவித்து மணந்து பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் வெட்டிப் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையின் மேல்மாடி ஆய்வுகூடத்தில் நான் லாபொரான்டாக, அதாவது ஆய்வு உதவியாளராக, இருக்கிறேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டு எடுப்போம். மூடியுள்ள சிறிய அலுமினியக் கிண்ணத்தில் வைத்து ஆவியில் அவிப்போம். பிறகு மூன்று பேர் தனித்தனியாக மூடியைச் சற்றே நீக்கி மணந்து, முன்கூட்டியே முடிவுசெய்த சொற்களில் ஒன்றால் அந்த மணத்தைக் குறிப்போம்: கடல், பால், ஈர மட்டை, பழைய எண்ணெய். புதுச் சொல் கண்டுபிடிக்கக் கூடாது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். எதற்கும் ஒரு நிரல் இருந்துவிட்டால் என்னால் அமைதியாக இருக்க முடியும்.

கீழே நீண்ட மண்டபத்தில் ஒளிமேசைகள் இருக்கின்றன. மேற்பரப்பு பால்நிறக் கண்ணாடி, அடியில் குழல் விளக்குகள். டோர்ஸ்க் என்று இங்கே சொல்லும் வெள்ளைச் சதை மீனைத் தோலுரித்து அதன்மேல் பரப்பினால் உள்ளே கிடக்கும் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். பெண்கள் இரு பக்கமும் நின்று கத்தி நுனியால் அவற்றை எடுப்பார்கள். மீன் பனிக்கட்டிக்குள் இருந்து வரும். மண்டபத்தையும் குளிராகவே வைத்திருப்பார்கள். கால்களை அசைக்க இடமில்லாமல், விரல்களை மட்டும் அசைத்தபடி காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்கும் வேலை அது.

மூன்று மேசைகளில் ஒன்றில் நான்கு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் அண்ணையின் மனைவி. எனக்கு அவர் மச்சாள், அவருக்கு நானும் மச்சாள். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த வேலையை அவருக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அவருடைய மூன்று மாதம் தை மாதத்தோடு முடிய இருந்தது.

1993ஆம் ஆண்டின் அந்தத் தை மாதம் டென்மார்க் முழுவதும் எங்களைப் பற்றியே பேச்சு. தமிழ் அகதிகளின் மனைவிமாரும் பிள்ளைகளும் சட்டப்படி வந்து சேர வேண்டியவர்கள். அவர்களுடைய விண்ணப்பங்களை நீதியமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று விசாரணை அறிக்கை வெளிவந்தது. அரசாங்கமே பதவி விலகியது. கன்டீன் மேசைகளில் கிடந்த பத்திரிகைகளில் 'தமிழர் வழக்கு' என்ற தலைப்பின்மேல் கோப்பிக் கறை வட்டமாகப் படிந்திருந்தது. கிடப்பில் போடப்பட்ட அந்த விண்ணப்பங்களில் மச்சாளுடையதும் ஒன்று. கலியாணமாகிச் சில மாதங்களிலேயே அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பிறகு வந்த வருடங்கள் முழுவதும் மச்சாள் கொழும்பில் உறவினர் வீட்டு அறை ஒன்றில் இருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் கதைத்தார்.

"எல்லாத்துக்கும் ஆரோ ஒராள் எனக்காகக் கையெழுத்து வைச்சினம், மச்சாள். ஆரோ ஒராள் எனக்காகக் கதைச்சினம். நான் பக்கத்தில கதிரையில இருந்தனான். அவ்வளவுதான்."

அதனால் இந்த வேலை அவருக்கு வெறும் வேலையாக இருக்கவில்லை. தன் கையால் தானே பெற்றது என்று சொல்லத்தக்கதாக ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அதை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும்தான் பின்னால் அப்படி நடந்துகொண்டேன்.

ஒரு நாள் கன்டீனில் ஒரு டேனிஷ்காரி பத்திரிகையைத் தட்டிக் காட்டி மச்சாளிடம், "அரசாங்கத்தைக் கவிழ்த்தது நீதானா?" என்று கேட்டார். பகிடிதான், பொல்லாத பகிடி அல்ல. நான் மொழிபெயர்த்தேன்.

"ஒரு மீன்பெட்டியை நேராய்ப் பிடிக்கேலாமல் நிக்கிறன். நான் எங்க அரசாங்கத்தை விழுத்தினது எண்டு கேளும்," என்றார் மச்சாள்.

அதையும் மொழிபெயர்த்தேன். மேசையே சிரித்தது. மண்டபத்துக்குப் பொறுப்பான பெண்மணியும் சிரித்தார். எல்லோரும் அவரைச் செஃப் என்றுதான் அழைப்போம், டேனிஷில் மேலதிகாரி என்று பொருள். கோப்பையைக் கழுவப் போகும்போது அவர் என் பக்கத்தில் நின்று, "பெட்டியைப் பற்றி அவள் சொன்னது உண்மை," என்றார். "கைகள் அவளுக்கு வேலை செய்யவில்லை. முள்ளைத் தவறவிடுகிறாள். மாத முடிவில் நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மச்சாள் கையுறையைக் கழற்றியபோது பார்த்தேன். இடது கையின் மூன்று விரல்கள் இரண்டாவது மூட்டுவரை வெளுத்து, உருகிய மெழுகைப் போல் இருந்தன. நகங்கள் நீலமாகி இருந்தன.

அது என்ன என்று எனக்குத் தெரியும். லாபொரான்ட் படிப்பில் உடலியல் பயிற்சி ஒன்று இருந்தது. நடுவிரலில் ஒரு மெல்லிய வெப்பமானியை ஒட்டி, பனிக்கட்டித் தண்ணீரில் விட்டு, விரலின் சூட்டை வரைபடமாகக் கீற வேண்டும். முதலில் கோடு செங்குத்தாக விழும். தோலுக்கடியில் இருக்கும் சின்னஞ்சிறு நாடிகளைச் சுற்றித் தசை வளையங்கள் உண்டு. குளிர் பட்டதும் அவை இறுகி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காக்கின்றன. விரல் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். கொஞ்ச நேரம் கழித்து அந்த வளையங்களே குளிர்ந்து பிடி தளர்கின்றன. இரத்தம் பாய்கிறது. கோடு எழும்புகிறது. மீண்டும் இறுகும், மீண்டும் தளரும். குளிரில் கையால் வேலை செய்து பழகியவர்களுக்கு அந்த எழுச்சி விரைவாகவும் உயரமாகவும் வரும்.

வகுப்பில் எல்லோருடைய கோடும் மலைத்தொடர் போல் இருந்தது. என்னுடையது விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஆசிரியர் அதைச் சுவரில் ஒட்டி, "இது வெப்பநாட்டு விரல்," என்றார். விளக்கத்துக்குச் சொன்னார், அவ்வளவுதான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பிறகு அந்தப் பாடத்தைப் பற்றி வீட்டில் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. எங்கள் இரத்தத்திலேயே ஏதோ குறை என்று நம்பிவிட்டேன். குறையை வெளியே சொல்வானேன்.

ஆகவே மச்சாளுக்கு நான் சொன்ன யோசனைகள் எல்லாம் கையைப் பற்றியவை: உள்ளே பருத்திக் கையுறை, அதன்மேல் இறப்பர் கையுறை, இடைவேளையில் வெந்நீர், கையை வட்டமாகச் சுழற்றுவது, முடிந்தால் இரண்டு சோடி மாற்றிப் போடுவது. அவர் எல்லாவற்றையும் செய்தார். ஒன்றும் உதவவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் மோசமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்கு விரதம். கொழும்பில் காத்திருந்தபோது, புருஷனிடம் போய்ச் சேர்ந்தால் ஆயுள் முழுக்க வெள்ளி விரதம் பிடிப்பதாக முருகனுக்கு நேர்ந்திருந்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. விரதகாரர் மச்சமாமிசம் தொடக் கூடாது. அவரோ வெள்ளி முழுவதும் மீனுக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றார். மீன் தொட்ட உடம்போடு எதையும் வாயில் வைப்பதில்லை என்று தனக்குத் தானே ஒரு விதி செய்துகொண்டார். விடிய எழும்பி வெறும் தேநீர். வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து, தலை முழுகி, விளக்கேற்றி, அதன் பிறகுதான் சோறு. டென்மார்க்கில் வெள்ளிக்கிழமைதான் வேலையிடத்தில் பாண் தரும் நாள். செஃப் சுடச்சுட உருண்டைப் பாண்கள் வாங்கி வருவார். எல்லோரும் வெண்ணெய் பூசிச் சாப்பிடுவார்கள். மச்சாள் ஒவ்வொரு வெள்ளியும் தலையசைத்து மறுப்பார். "எங்களோடு சாப்பிட அவளுக்கு விருப்பமில்லையோ?" என்று ஒருமுறை என்னைக் கேட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொன்னேன். விரதம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த மாதத்தின் நான்காவது வெள்ளிக்கிழமை கிண்ணத்தின் மூடியை நீக்கினேன். முழுவதும் நீக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கற்பூரம், கிராம்பு, யூகலிப்டஸ். எங்கள் வீட்டுக் குளியலறை அலுமாரியில், ஊரிலிருந்து வந்தவர் யாரோ கொடுத்த தைலம்.

எனக்குப் பிறகு மணந்த டேனிஷ் தோழி, "நத்தார்க் கேக்," என்றாள். ஆய்வுகூடப் பொறுப்பாளர் கண்ணை மூடி மணந்துவிட்டு, "உதைபந்தாட்டக்காரர்கள் காலுக்குப் பூசுவது," என்றார். எங்கள் நிரலில் அப்படிப்பட்ட சொற்கள் இல்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது ஒரு தைலம்," என்றேன். "குளிருக்கும் நோவுக்கும் பூசுவது. தமிழர்கள் பாவிப்பது."

பொய் சொல்ல எனக்கு எண்ணம் வரவில்லை. தொகுதி முழுவதும் அப்படி மணத்தால் வெளியே விட முடியாது. அது என் வேலை. ஆனால் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு சீக்கிரமாகச் சொன்னேன் என்பதை இப்போதும் கேட்கிறேன். பாடம் ஒப்புவிக்கும் குரல் அது.

கீழே போனோம். செஃப் விஷயத்தைக் கேட்டார். "அப்படியானால் யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள்," என்றார். பிறகு என்னிடம், "உனக்கு அந்த மணம் தெரியும். வந்து பார்," என்றார். நேரே தமிழ்ப் பெண்களின் மேசைக்கு நடந்தார். மற்ற இரண்டு மேசைகளையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தர்க்கப்படி அது சரிதான், தைலம் தமிழர் தைலம் என்று சொன்னதே நான்தானே. கண்ணாடியின் வெளிச்சம் எல்லோர் முகத்திலும் கீழிருந்து அடித்தது. மற்ற மேசைகளில் கத்திகள் நின்றுவிட்டன.

முதலாவதாக நின்றவர் மட்டக்களப்பு அக்கா ஒருவர். வாய்க்காரி. கையுறையை இழுத்துக் கழற்றி, கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன புள்ள, மீன மணந்தது காணாதெண்டு இப்ப எங்கட கையையும் மணக்க வந்திட்டியா?"

"அவர் என்ன சொல்கிறார்?" என்று செஃப் கேட்டார்.

"கை சுத்தம் என்கிறார்."

"நீ என்ன சொன்னாய் அவவுக்கு?" என்றார் அக்கா.

"கை சுத்தமெண்டு சொன்னன் அக்கா."

"அது எனக்குத் தெரியும். அதுக்கு உன்ட மூக்கு என்னத்துக்கு?"

மணந்தேன். மீனும் இறப்பரும் மட்டும்தான். அடுத்த இரண்டு பேரும் தாங்களாகவே கையுறையைக் கழற்றினார்கள். ஒருவர் கையை நீட்டிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, நிமிர்ந்தேன். வெட்கத்தில் உடம்பு இரண்டு எதிரான காரியங்களைச் செய்கிறது. முகத்தின் நாளங்கள் திறக்கின்றன, விரல்களின் நாளங்கள் மூடுகின்றன. அது எனக்குப் புத்தகத்தில் தெரியும். அன்று என் கன்னம் கொதித்தது. அந்தப் பெண்களின் கைகளைப் பிடித்த என் விரல்கள் அவர்களுடையதைவிடக் குளிர்ந்திருந்தன. அவர்கள் அதை உணர்ந்திருப்பார்கள்.

கடைசியாக மச்சாள். அவருடைய இரு கைகளிலும் கையுறை இல்லை. குனியத் தேவையில்லை, தள்ளி நின்றே மணத்தது. ஆனாலும் குனிந்தேன். மற்றவர்களுக்குச் செய்ததை அவருக்கும் செய்ய வேண்டும் என்ற ஏதோ ஒரு நியாயம். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தேன். ஒளிமேசைக்கு மேலே அந்த விரல்களுக்கும் பக்கத்தில் கிடந்த மீன்சதைக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை.

அப்போதுதான் எனக்குக் கெட்டித்தனம் வந்தது. அங்கியின் பையில் மீனுக்குள் குத்திச் சூடு பார்க்கும் ஊசி வெப்பமானி இருந்தது. அதை எடுத்து அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, என் கையால் மூடிப் பிடித்தேன். எண் இறங்கி இறங்கி நின்றது.

"எட்டு பாகை," என்று டேனிஷில் உரக்கச் சொன்னேன். "இந்தக் கையால் முள்ளை உணர முடியாது. அதனால்தான் கையுறையைக் கழற்றியிருக்கிறார். அதனால்தான் தைலம்."

செஃப் எண்ணைப் பார்த்தார். பிறகு மச்சாளின் கையைப் பார்த்தார்.

"மீன் இரண்டு பாகைக்கு மேலே போனால் நீங்கள் மேலிருந்து ஓடி வருகிறீர்கள்," என்றார் என்னிடம். "ஆட்கள் எட்டுக்கு இறங்கினால் யார் ஓடி வருவது?" மச்சாளை மேலே கன்டீனுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பேச்சு மணத்தில் இருந்து சூட்டுக்கு மாறிவிட்டது. நான் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். படியில் பாதி தூரம் வரை அப்படித்தான் நினைத்தேன்.

"மீனுக்குக் குத்துறதை எனக்குப் பிடிச்சீர்," என்றார் மச்சாள்.

கன்டீனில் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் இருத்தினேன். இரத்தம் திரும்பும்போதுதான் விரல் உண்மையாக நோகும். அதோடு தைலமும் எரியத் தொடங்கியது. குளிரில் மரத்த தோலுக்குத் தைலம் சூட்டைத் தருவதில்லை. சூடு இருக்கிறது என்று நரம்பிடம் சொல்கிறது, அவ்வளவுதான். அவர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. யாரோ கோப்பி கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, அவர் தொடவில்லை.

அன்றைய தொகுதியைக் கொட்டினார்கள். அன்றே பின்னேரம் உடைமாற்றும் அறையில் ஓர் அறிவித்தல்: கைகளில் தைலம், களிம்பு, எண்ணெய் எதுவும் பூசிக்கொண்டு வேலைக்கு வரக் கூடாது. கீழே அதையே தமிழில் எழுதும்படி கேட்டார்கள். எழுதினேன். அந்த மண்டபத்தில் வியட்நாம்காரரும் இருந்தார்கள், துருக்கிக்காரரும் இருந்தார்கள். டேனிஷிலும் தமிழிலும் மட்டும்தான் அந்த அறிவித்தல் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருப்பதாக ஒருவர் சொன்னார்.

வீட்டில் அண்ணை கொதித்தார். அவருக்கு விஷயம் மட்டக்களப்பு அக்காவின் புருஷன் மூலம் போயிருந்தது.

"உனக்கு அறிவில்லையோ?" என்றார் என்னிடம். "சனத்துக்கு முன்னால பொம்பிளையளின்ர கையைப் பிடிச்சு மணந்து பாக்கிறதே?" பிறகு மச்சாளிடம், "இனி உந்த வேலை வேண்டாம். வீட்டில இரும். பிள்ளையோட இரும். நான் உழைக்கிறன்தானே," என்றார்.

"அவை வேண்டாமெண்டு சொன்னால் வாறன்," என்றார் மச்சாள். "நீங்கள் சொல்லி நான் வேலையை விடமாட்டன். அவவையும் ஏசாதேங்கோ. அது அவவின்ர வேலை."

அண்ணையின் ஏச்சைவிட அந்தக் கடைசி வசனம்தான் என்னைச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுகூடத்திலிருந்து வெள்ளியன்றே கேட்டு எடுத்து வந்திருந்த இரண்டு மெல்லிய வெப்பமானிகளை வெளியே எடுத்தேன். மச்சாளிடம், "உங்கள அளக்க இல்லை. ரெண்டு பேரையும் அளப்பம்," என்றேன். அவர் வெப்பமானிகளைப் பார்த்துவிட்டு, "மணக்கிறதும் இருக்கோ?" என்று கேட்டார். பிறகு கதிரையை இழுத்து இருந்தார். குசினி மேசையில் ஒரு பெரிய கிண்ணம், பனிக்கட்டி, தண்ணீர். அவருடைய மகள், இங்கே பிறந்தவள், "இஸ், இஸ்," என்று டேனிஷில் பனிக்கட்டி கேட்டு அழுதாள். ஒரு கட்டியைக் கொடுத்தோம்.

முதல் தடவை வெறும் வயிறு, மெல்லிய வீட்டுச் சட்டை, யன்னல் திறந்தபடி. அண்ணை எட்டிப் பார்த்து, "ரெண்டுக்கும் விசர்," என்று சொல்லிவிட்டுப் போனார். இருவருடைய விரலும் விழுந்தன, விழுந்த இடத்திலேயே கிடந்தன. வலி தாங்காமல் எடுத்துவிட்டோம். பிறகு புட்டும் முட்டைப் பொரியலும் நன்றாகச் சாப்பிட்டோம். சூடான தேநீர். கம்பளி உள்ளாடை, அதன்மேல் சுவெட்டர், தலைக்குத் தொப்பி. மாடிப்படியில் ஏறி இறங்கினோம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மற்றக் கையின் விரலை விட்டோம். மறுபடி விழுந்தது. வலித்தது. நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துடிக்குது," என்றார் மச்சாள். "ஊசி குத்துற மாதிரி. இஞ்ச பாரும்."

அவருடைய எண் ஏறிக்கொண்டிருந்தது. என்னுடையது பின்னால் மெதுவாக வந்தது. படிக்கும் காலத்தில் அந்தப் பயிற்சி நாளிலும் நான் ஒன்றும் சாப்பிடாமல்தான் போயிருந்தேன், மெல்லிய பிளவுசில். எல்லாம் இரத்தத்தின் குறை இல்லை. ஓரளவு பழக்கம், ஓரளவு உடம்பின் உள்ளே சூடு இருந்ததா இல்லையா என்பது. இவ்வளவு காலமும் வெட்கத்தில் அதை யோசித்தே பார்க்கவில்லை.

"கையில பிழை இல்லை, மச்சாள்," என்றேன். "சாப்பாடு எரிஞ்சாத்தான் சூடு. உள்ளுக்குச் சூடு காணாட்டில் கைக்கு விடாது."

"ஆர் விடாது?"

"உடம்புதான். நெஞ்சு, மூளை, ஈரல் எல்லாத்துக்கும் முதல் குடுக்கும். விரல் கடைசி."

"அப்ப விரல் விண்ணப்பம் போட்டிட்டு வெளியில நிக்க வேணும்," என்றார். "உள்ளுக்கு இருக்கிறவை பாத்து விடுவினம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் விரதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே தொடங்கினார்.

"வெள்ளிக்கு என்ன செய்யிறது?"

"அது உங்கட விருப்பம்."

"ஒரு நேரம் சாப்பிடுறதுதானே விரதம்," என்றார் யோசித்தபடி. "பின்னேரம் எண்டு ஆர் சொன்னது? விடிய எழும்பி முழுகி, விளக்குக் கொளுத்தி, அந்த ஒரு நேரத்தைக் காலமை சாப்பிடுறன். மீன் தொட முந்தி. முருகனுக்கு அது காணும். காணாட்டில் அவர் வந்து ஒருநாள் அந்த மேசையில நிண்டு பாக்கட்டும்."

அதற்குப் பிறகு அவர் காலையில் சாப்பிடாமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை. அண்ணையின் கம்பளி உள்ளாடையை வெட்டித் தைத்து அணிந்தார். விரல்கள் முதல் அரைமணி நேரம் வெளுக்கும், பிறகு சிவக்கும். அவருடைய பெட்டிகள் நேராக வந்தன. இதை எல்லாம் நான் மாடிப்படியின் மேலிருந்துதான் பார்த்தேன். மேசைக்குப் பக்கத்தில் போக எனக்குக் கால் வரவில்லை. போகும் நாட்களில் மட்டக்களப்பு அக்கா கையுறையைக் கழற்றுவதுபோல் பாவனை செய்வார். மற்ற இருவரும் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார்கள்.

மாதத்தின் கடைசி வேலைநாளில் செஃப் என்னைக் கூப்பிட்டார். "உன் வெப்பமானியைக் கொண்டு வா. அவளுடைய கை எப்படி இருக்கிறது பார்ப்போம்."

"அது மீனுக்கு," என்றேன். "அவரிடமே கேளுங்கள்."

செஃப் புருவத்தை உயர்த்திவிட்டு மேசைக்குப் போனார். நான் பின்னால் போனேன். கேள்வியை மொழிபெயர்க்க வாயெடுத்தேன். மச்சாளுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து, செஃபின் திறந்த மணிக்கட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். செஃப் ஏதோ மருத்துவரிடம் வந்தவர்போல் அசையாமல் நின்றார்.

"என்னுடையதைவிடச் சூடு," என்றார் கடைசியில். நாலைந்து மீன்துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முள் இல்லை. "நீ இங்கேயே நிற்கலாம்."

"தெரியும்," என்றார் மச்சாள் டேனிஷில்.

"உன்ட மூக்குக்கு இனி வேலையில்லாமப் போச்சு புள்ள," என்றார் அக்கா என்னைப் பார்த்து. மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கும் இடம் கொடுத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை விடிய நாங்கள் இருவரும் குசினியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே இன்னும் இருட்டு. அண்ணையும் பிள்ளையும் நித்திரை. அவருக்கு வேலை நிலைத்துவிட்டது. எல்லாம் சரிவந்துவிட்டது என்ற துணிவில், "அண்டைக்கு நான் அப்பிடிச் செய்திருக்கக் கூடாது," என்றேன்.

"எதை? மணந்ததையோ, அளந்ததையோ?"

"ரெண்டையும்."

அவர் புட்டைக் குழைத்தார்.

"செஃபும் நீரும் படியில இறங்கி வாறதைக் கண்டவுடன எனக்கு விளங்கீட்டுது," என்றார். "மற்றக் கையுறையையும் கழட்டினனான். 'அது நான்தான்' எண்டு சொல்லுறதுக்கு டேனிஷில என்ன எண்டு மனசுக்குள்ள அடுக்கிக்கொண்டு நிண்டனான். மூண்டு சொல்லுத்தான். சொல்லிப் பழகினனான். நீர் என்னட்டை வந்தவுடன சொல்லுவம் எண்டு. நீர் வந்து கையைப் பிடிச்சீர். பிறகு எல்லாத்தையும் நீரே சொல்லிப்போட்டீர்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். கொழும்பு அறையில் கதிரையில் இருந்ததைப் பற்றி ஒருமுறை சொன்னாரே, அதே குரல்.

"எனக்குத் தெரியாது, மச்சாள்," என்றேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும். நீர் என்ர மூஞ்சையைப் பாக்கேல்லையே."

என் கோப்பையில் அவர் தேநீர் வார்த்தார். முட்டையில் பாதியை என் தட்டுக்குத் தள்ளிவிட்டார்.

"சாப்பிடும்," என்றார். "பஸ் வரப்போகுது."

வாயில் வைத்தேன். மென்றேன். நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன்.